எலிக்கு எவர்சில்வர் வலை: இராயபுரத்துப் பழைய வீட்டில் ஓராண்டு

போகிக்கு முந்தைய வாரம் பரணைத் துடைப்பதற்காகப் பழைய டிரங்குப் பெட்டியை நகர்த்தியபோது, அதன் பின்னால் இரண்டு கை கொள்ளும் அளவுக்கு ஓர் எலிக்கூடு இருந்தது. கையுறை போட்டுக்கொண்டு அதை முறத்தில் அள்ளி, மொட்டைமாடி வெயிலில் வைத்துக் குச்சியால் பிரித்துப் பார்த்தேன். எங்கள் காரின் பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறப் பஞ்சு, அப்பாவின் சுங்கானுக்கான (புகைக்குழாய்க்கான) புகையிலை வந்த பளபளப்பான உறையின் நறுக்குகள், மகளின் பள்ளிச் சீருடை ரிப்பன், மின்கட்டண அட்டையின் ஒரு மூலை ஆகியவற்றோடு கரும்பழுப்பு நிறத்தில் விரல் நீளப் புகையிலைக் கீற்று ஒன்றும் இருந்தது. அது சுங்கான் புகையிலை அன்று. எலி வரக்கூடாது என்பதற்காகக் காரின் எஞ்சினுக்குப் பக்கத்தில் நானே கட்டித் தொங்கவிட்ட கட்டுப் புகையிலையின் துண்டு அது. வீடு, கார், அப்பாவின் மேசை இழுப்பறை ஆகிய மூன்றையும் தனித்தனித் தொல்லைகளாக எண்ணி மூன்றுக்கும் தனித்தனியாகச் செலவு செய்துகொண்டிருந்த எனக்கு, எல்லாம் ஒரே குடும்பத்தின் வேலை என்பது அந்த முறத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

சென்ற ஐப்பசி மழையில் தொடங்கி இந்த ஐப்பசி வரை, எலித் தடுப்புக்காக என் கைக்காசில் வாங்கிய பொருள்களையும் அமர்த்திய சேவையையும் பற்றி எழுதுகிறேன். வடசென்னையில் எங்களைப் போன்ற பழைய வீடுகளில் இருப்பவர்களுக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன். எங்கள் வீடு இராயபுரத்தில், கல்மண்டபம் சந்தைக்கு நடந்து போகும் தொலைவில் இருக்கிறது. கீழ்த்தளத்தின் கூரை, மரக்கட்டைகள் தாங்கும் பழைய செங்கல்-சுண்ணாம்புக் கூரையான மெட்ராஸ் தளம், மாடியில் பின்னாளில் கட்டிய ஓர் அறை, வாசலை ஒட்டி மூடுபலகை போட்ட மழைநீர் வடிகால். வடிகாலில் தண்ணீர் ஏறினால் அதில் வளை போட்டிருக்கும் எலிகள் மேடு தேடி வீடுகளுக்குள் ஏறுகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வடிந்த வாரத்தில் எங்கள் தெருவில் எலி வராத வீடே இல்லை.

எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன், வருவது எந்த எலி என்று பார்க்க வேண்டும் என்பதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். பரணிலும் கேபிள் வயரிலும் ஓடுவது வீட்டு எலி. உடலைவிட நீளமான வாலும் பெரிய காதுகளும் கொண்ட அது, சுவரிலும் குழாயிலும் எளிதாக ஏறும். வாசல் வடிகாலை ஒட்டி மண்ணைக் குவித்து வளை தோண்டுவது பெருச்சாளி. அது அதிகம் ஏறாது, ஆனால் தரையின் அடி மண்ணையே பறித்துவிடும். (தெலுங்கில் அதற்குப் பந்திக்கொக்கு, அதாவது பன்றி எலி, என்று பெயர், ஆங்கிலத்தில் அதை அழைக்கும் ‘பேண்டிகூட்’ என்ற சொல்லும் அதிலிருந்து போனதுதான்.) இரவில் கீச்சுக்குரலோடு சுவரோரமாக ஓடும் நீண்ட மூக்குள்ள மூஞ்சூறு எலி இனமே அன்று, அது கரப்பானையும் பூச்சியையும் தின்னும் வேறொரு விலங்கு, வயரைக் கடிப்பதில்லை. புழுக்கையின் அளவும் ஓரளவு அடையாளம் காட்டும்: அரிசி மணி அளவு என்றால் சுண்டெலி, அதைப்போல் இரண்டு மடங்கு நீளம் என்றால் பெரிய எலி.

முதலில் அப்பாவின் புகையிலையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் அதிக வருத்தம் தந்தது அதுதான். அப்பா சென்னைத் துறைமுகத்தில் இழுவைப் படகின் எஞ்சின் அறையில் 32 ஆண்டுகள் வேலை பார்த்தவர். வெளிநாட்டுக் கப்பல்காரர்களிடமிருந்து வந்த சுங்கான் பழக்கம், இப்போது மாலையில் திண்ணையில் ஒரே ஒரு முறை என்று குறைந்திருக்கிறது. கப்பலில் வேலை பார்க்கும் உறவினர் கொண்டுவரும் புகையிலையை அவர் ஆண்டு எழுதி ஒட்டி, இழுப்பறையில் அடுக்கி வைத்திருப்பார். இந்தப் புகையிலை நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் காரமான கட்டுப் புகையிலை போன்றது அன்று. வர்ஜீனியா இலையில் இயல்பாகவே சர்க்கரை அதிகம். அதன்மேல் வெல்லப்பாகு, தேன், அதிமதுரம், வனிலா போன்றவற்றைச் சேர்த்துப் பதப்படுத்திய வகைகளும் உண்டு, உலர்ந்துவிடாமல் ஈரப்பதத்தோடு வைத்திருக்க வேண்டியவை. மூடிய அறையில் ஓர் உறையைப் பிரித்தால் இனிப்புக் கடைக்குள் நுழைந்தது போல மணக்கும். அந்த மணம் எலிக்கும் எட்டியது. இழுப்பறையின் பின்பலகையைக் குடைந்து உள்ளே வந்து, வனிலா மணமுள்ள உறைகள் ஐந்தையும் கிழித்து, புகையிலையை இறைத்து, அதன்மேல் சிறுநீரும் கழித்திருந்தது. தகர டப்பாக்களில் பல் பட்ட கோடுகூட இல்லை. கண்ணாடி ஜாடிகளில் பிளாஸ்டிக் மூடி போட்டவற்றின் விளிம்பு கொறிக்கப்பட்டிருந்தது. உலோக மூடி போட்டவை அப்படியே இருந்தன. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. அவற்றின் முன்பக்கம் கடினமான எனாமல், பின்பக்கம் மென்மை, எனவே கடிக்கக் கடிக்க உளி போலத் தீட்டப்படுகின்றன. அந்த உளிக்கு மரமும் பிளாஸ்டிக்கும் ஒரு பொருட்டல்ல. அப்பா எல்லாவற்றையும் அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு இரண்டு நாள் திண்ணைக்கு வரவில்லை.

கார் நின்றுபோனதும் இழுப்பறையை எலி குடைந்த அதே மாதத்தில்தான். இரண்டு வாரம் எடுக்காமல் வாசலில் நிறுத்தியிருந்த காரைக் கிளப்பியபோது எச்சரிக்கை விளக்கு எரிந்தது, எஞ்சின் உதறியது. பானட்டைத் திறந்தால், எஞ்சினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் மூன்று வயர்கள் கத்தரியால் வெட்டியது போல அறுந்திருந்தன. நாங்கள் வழக்கமாகக் கொண்டுபோகும் சர்வீஸ் நிலையத்தில் வயரிங் தொகுப்பு முழுவதையும் மாற்ற வேண்டும் என்று 18,400 ரூபாய்க்கு மதிப்பீடு தந்தார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர், அறுந்த மூன்றையும் பற்றவைத்து, வெப்பத்தில் சுருங்கும் உறை போட்டு, மேலே துணி டேப் சுற்றி, 1,200 ரூபாயில் முடித்தார். இன்றுவரை பழுது இல்லை. புதிய கார்களின் வயர் உறையில் சோயா கலந்திருப்பதால்தான் எலி வருகிறது என்று பலரும் சொல்கிறார்கள், அமெரிக்காவில் இதற்காகக் கார் நிறுவனங்கள்மீது வழக்குகளும் நடந்தன. ஆனால் எங்கள் வீட்டில் 1980-களில் போட்ட பழைய வயரையும் இதே எலிகள் கடித்திருக்கின்றன. ஓடி நின்ற எஞ்சினின் வெதுவெதுப்பு, இருட்டு, பூனை நுழைய முடியாத இடுக்கு ஆகிய மூன்றும் போதும், எலி அங்கே வந்துவிடும்; வந்தபின் பல்லுக்கு எது எட்டுகிறதோ அதைக் கடிக்கும்.

புகையிலையைக் கட்டச் சொன்னவர் ஒருவர் இருவர் அல்லர். மெக்கானிக், பக்கத்து வீட்டுக்காரர், வாடகைக் கார் ஓட்டும் நண்பர் எனச் சென்னையில் கார் வைத்திருக்கும் எல்லோரும் சொல்லும் வைத்தியம் அது. கல்மண்டபத்தில் 60 ரூபாய்க்கு வாங்கி, துணியில் சுற்றி இரண்டு இடத்தில் கட்டினேன். நிகோட்டின் பூச்சிகளைக் கொல்லும் நஞ்சு; தோட்டத்தில் புகையிலைக் கரைசல் தெளிப்பது அதனால்தான். எலிக்கு அந்த இலை தின்னத் தகாததாக இருக்கலாமே தவிர, அருகில் வர அஞ்சத்தக்கதாக இல்லை. எஞ்சின் சூட்டில் பத்து நாளில் இலை காய்ந்து காரமும் போய்விடுகிறது. பரணில் அது படுக்கையாக மாறியிருந்ததைப் பார்த்த பிறகு இந்த வைத்தியத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மின் சாக்கெட்டில் செருகும் ஒலிக் கருவியை இணையத்தில் 899 ரூபாய்க்கு வாங்கினேன். மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பி எலியை விரட்டும் என்று பெட்டியில் போட்டிருந்தது. அந்த ஒலி சுவரையோ பீரோவையோ ஊடுருவாது. எதிரில் ஒரு மரப்பலகை இருந்தாலே நின்றுவிடும். திறந்த இடத்திலும் எலிகள் சில நாளில் பழகிக்கொள்கின்றன. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2001-இல் இத்தகைய கருவிகளை விற்ற 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது என்பதை வாங்கிய பிறகுதான் படித்தேன். பதினேழாம் நாள் காலையில் கருவிக்கு ஒரு சாண் தள்ளிப் புழுக்கை கிடந்தது. அன்றே கழற்றிவிட்டேன்.

பசை அட்டையைப் பற்றி எழுதவே மனம் கூசுகிறது. முதல் இரவில் இரண்டு பல்லிகளும் ஒரு மூஞ்சூறும் ஒட்டிக்கொண்டிருந்தன. மூஞ்சூறு உயிரோடு இருந்தது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாப் பக்கத்துத் தோல் பசையோடு இழுபட்டது. சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அரை மணி நேரம் போராடி எடுத்தேன், ஆனாலும் அது பிழைக்கவில்லை. இந்திய விலங்குகள் நல வாரியம் இந்த அட்டைகளைத் தடைசெய்யும்படி மாநிலங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அப்படியிருந்தும் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. தயவுசெய்து வாங்காதீர்கள்.

இவற்றுக்குப் பிறகு ஓராண்டு ஒப்பந்தமாக 4,500 ரூபாய் கட்டி ஒரு பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தை அழைத்தேன். நேரத்துக்கு வந்தார்கள், மரியாதையாகப் பேசினார்கள். குறை சொல்ல வேண்டியது வேலையைத்தான். வந்த பணியாளர் பரணிலும் அடுப்பு மேடைக்கு அடியிலும் நீல நிறக் கட்டிகளை அப்படியே வைத்தார். பூட்டக்கூடிய பெட்டிக்குள் வைக்க வேண்டாமா என்று கேட்டதற்கு, “கம்பெனி மருந்துங்க, ஒண்ணும் ஆகாது” என்றார். என்ன மருந்து என்று மூன்று முறை கேட்ட பிறகே உறையைக் காட்டினார்: புரோமடியோலோன், 0.005 விழுக்காடு. இது இரத்தம் உறைவதற்கு உடல் பயன்படுத்தும் வைட்டமின் கே மீண்டும் உருவாவதைத் தடுக்கும் மருந்து. தின்ற எலி உடனே சாகாது. சில நாள் கழித்து, உள்ளுக்குள் இரத்தம் கசிந்து, தன் மறைவிடத்திலேயே சாகும். எங்களுக்கு அது மெட்ராஸ் தளத்தின் கட்டைகளுக்கு மேலே, கை எட்டாத இடத்தில் நடந்தது. எட்டு நாள் நாற்றம், பச்சை ஈக்கள், அப்பாவால் அந்த அறையில் படுக்க முடியவில்லை. மீண்டும் அழைத்தபோது, செத்த எலியை எடுப்பது ஒப்பந்தத்தில் இல்லை என்றார்கள். வீட்டுக்குள் எலி எந்த வழியாக வருகிறது என்று இரண்டு வருகையிலும் அவர்கள் ஒரு முறைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

மருந்தின் பெயரைக் கேட்பதில் நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே ஒரு வீட்டில், பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் எலி மருந்து வைத்துவிட்டுப் போன இரவில், ஏ.சி. போட்டு மூடிய அறையில் தூங்கிய இரண்டு பிள்ளைகள் இறந்தார்கள், பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். வாயு வெளியிடும் பாஸ்பைடு வகை மருந்துகளைக் குடியிருக்கும் வீட்டுக்குள் யார் வைக்க வந்தாலும் அனுமதிக்காதீர்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசை கல்லீரலை அழிப்பது, அதற்கு மாற்று மருந்து கிடையாது. தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பிறகும் எங்காவது பெட்டிக்கடையில் நீட்டினால் வாங்காதீர்கள். புரோமடியோலோனுக்காவது வைட்டமின் கே1 மாற்று மருந்தாக உண்டு. அதனால் என்ன மருந்து என்பது எழுத்தில் கையில் இருக்க வேண்டும், மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

பழைய கம்பிக் கூண்டு எனக்கு நம்பிக்கை தந்த முதல் பொருள். தங்கசாலைப் பக்கம் 350 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கிய அன்றே மசால்வடை மாட்டி வைத்தால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும், ஏனென்றால் எலிக்குப் புதிய பொருளைக் கண்டால் பயம். எனவே மூன்று இரவு கூண்டின் கதவைக் கயிற்றால் கட்டித் திறந்தே வைத்து, சுவரோரமாக அது ஓடும் பாதையில் வைத்துத் தீனி மட்டும் போட்டேன். நான்காம் இரவில் கயிற்றை அவிழ்த்தேன். ஒரு வாரத்தில் நான்கு எலிகள் விழுந்தன. வடையைவிடக் காசிமேட்டிலிருந்து வாங்கிவரும் நெத்திலிக் கருவாடு எங்கள் வீட்டு எலிகளை நன்றாக இழுத்தது. பெருச்சாளிக்கு இந்தக் கூண்டு போதாது, கம்பியை வளைத்துவிட்டுப் போகிறது. கூண்டின் பெரிய குறை அதன் கணக்கு: எலியின் சினைக்காலம் மூன்று வாரந்தான், ஓர் ஈற்றில் ஆறேழு குட்டிகள் போடுகிறது. நான்கைப் பிடித்து முடிப்பதற்குள் ஏழு பிறந்துவிடுகின்றன.

மாசி மாதத்தில் குளியலறைத் தரையைச் செப்பனிட வந்த வயதான மேஸ்திரியிடம் இதையெல்லாம் சொன்னபோது, அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “மருந்தெல்லாம் அப்புறம் வச்சிக்கலாம் சார், மொதல்ல ஓட்டைய எண்ணுங்க” என்றார். அன்று மாலை இருவரும் வீட்டைச் சுற்றி வந்தோம். பென்சில் நுழையும் ஓட்டையில் சுண்டெலி நுழையும், கட்டைவிரல் நுழையும் ஓட்டையில் வீட்டு எலி நுழையும் என்பது அவருடைய அளவுகோல். ஏ.சி. குழாய் போகும் துளை, சமையலறைத் தொட்டியின் கழிவுக் குழாயைச் சுற்றிய இடைவெளி, கேபிள் வயர் வரும் துளை, மாடிக் கதவின் அடி, மரக்கட்டைகள் சுவரில் நுழையும் பொந்துகள் என்று 23 இடங்கள் தேறின. அவற்றில் ஒன்பதில், சுவர் விளிம்பில் கரிய எண்ணெய்க் கறை இருந்தது. எலியின் உடல் மீண்டும் மீண்டும் உரசிய அடையாளம் அது. இரவில் அந்த இடங்களில் முகப்பவுடரை மெல்லிசாகத் தூவி வைத்தேன். காலையில் ஏழு இடங்களில் கால்தடமும், நடுவில் வால் இழுத்த கோடும் தெளிவாகப் பதிந்திருந்தன.

வலை வாங்க மண்ணடிக்குப் போனேன், செம்புதாஸ் தெருவைச் சுற்றிய இரும்புக் கடைகளில் எல்லா வகையும் கிடைக்கிறது. இங்கே எங்கள் பகுதிக்கான எச்சரிக்கை ஒன்று உண்டு. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வலை மலிவு, ஆனால் கடற்காற்று வீசும் இராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் அது விரைவில் துருப்பிடித்து விரலால் தள்ளினாலே பொடியாகும். எதிர் வீட்டு ஜன்னலில் அதைப் பார்த்திருக்கிறேன். நான் கால் அங்குலக் கண் கொண்ட 304 தர எவர்சில்வர் வலையை எடுத்தேன். ஜி.ஐ. வலையைப்போல் மூன்று மடங்கு விலை. எங்கள் வீட்டுக்குத் தேவையான அளவுக்கு 3,100 ரூபாய் ஆயிற்று. நைலான் கொசுவலையை இதற்குப் பதிலாகப் போடாதீர்கள், ஒரே இரவில் கிழித்துவிடும். சிமென்ட் மட்டும் பூசினாலும், அது இறுகுவதற்குள் எலி பறித்துவிடுகிறது. மேஸ்திரி வலையைச் சுருட்டி ஓட்டைக்குள் திணித்து, அதன்மேல் சிமென்ட் கலவையை அழுத்தினார். கதவின் அடியில் அலுமினியப் பட்டை அடித்தார். இழுப்பறையின் பின்பலகைக்கு உட்புறமாக வலையை வளைத்து ஆணி அடித்தோம். இரண்டு நாள் வேலை, கூலி 2,400 ரூபாய். அடைப்பதற்கு முன் கூண்டு வைத்து உள்ளே இருந்தவற்றைப் பிடித்துவிட்டோம். இல்லாவிட்டால் உள்ளேயே அடைபட்டுச் செத்து நாறும்.

காருக்கும் இதே வலைதான். எலி டயர் வழியாக ஏறி எஞ்சினுக்கு வருகிறது, அங்கிருந்து வைப்பருக்குக் கீழே இருக்கும் காற்று நுழையும் வாயில் வழியாக ஏ.சி. வடிகட்டிக்குப் போகிறது. அந்த வாயிலுக்கு எலக்ட்ரீஷியன் வலையை வெட்டிப் பொருத்தினார். எஞ்சின் அறையை முழுதாக அடைக்க முடியாது என்பதால் வயர்களில் மிளகாய்க் காரம் ஏற்றிய டேப் சுற்றினேன். ஹோண்டா நிறுவனம் தன் கார்களுக்கு இத்தகைய டேப்பை விற்கிறது, நான் வாங்கியது வேறொரு தயாரிப்பு. சுற்றிய இடத்தில் கடி இல்லை, சுற்றாமல் விட்ட ஓரிடத்தில் புரட்டாசியில் ஒரு சிறு கொறிப்பு இருந்தது. காரை வடிகாலின் மூடுபலகையிலிருந்து எதிர்ப்பக்கம் மாற்றி நிறுத்துவதும், இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது எடுப்பதும் டேப்பைவிடக் கூடுதலாக உதவுவதாகவே எனக்குப் படுகிறது.

வலையிலும் குறை உண்டு. வெட்டிய விளிம்பு கத்தி போல இருக்கும், மேஸ்திரியின் உள்ளங்கையில் இரண்டு தையல் போட வேண்டியதாயிற்று. தோல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். மொட்டைமாடியின் மழைநீர்க் குழாய் வாயிலும் கால் அங்குல வலையை நிரந்தரமாகப் பதித்தது எங்கள் தவறு. ஆனி மாத இரவு மழையில் வேப்பிலைச் சருகு அடைத்துக்கொண்டு, மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பழைய மெட்ராஸ் தளத்துக்கு அது ஆபத்து. இப்போது அங்கே கழற்றி மாட்டும் சட்டத்தில் வலை போட்டிருக்கிறோம், மழைக்காலத்தில் தினமும் காலையில் சருகை எடுக்கிறோம். பெருச்சாளிக்கும் சுவரோர வலை போதவில்லை. வாசலில் ஒன்றரை அடி ஆழம் தோண்டி, வலையை வெளிப்புறமாக மடித்துப் புதைத்த பிறகே புது மண்குவியல் நின்றது.

புழுக்கையைச் சுத்தம் செய்பவர்கள் விளக்குமாற்றால் உலரப் பெருக்காமல், பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தெளித்து ஊறவிட்டுத் துணியால் துடைக்க வேண்டும். எலியின் சிறுநீரில் இருக்கும் கிருமியால் வருவதுதான் எலிக்காய்ச்சல், அது காலில் உள்ள சிறு புண் வழியாகவும் உடலுக்குள் போகும். மழைத்தண்ணீரில் நடந்தபின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், எலி நடமாட்டம் இருப்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எவர்சில்வர் வலைக்கும் மேஸ்திரியின் வேலைக்கும் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், கம்பிக் கூண்டுக்கு மூன்றரை, மிளகாய் டேப்புக்கு இரண்டரை. இந்த ஐப்பசியில் இதுவரை மூன்று பெருமழை பெய்திருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் மறுநாள் முகப்பவுடர் தூவிப் பார்க்கிறேன். சமையலறையிலும் பரணிலும் தடம் இல்லை, மாடிப்படிக்கு அடியில் மட்டும் சென்ற செவ்வாய்க்கிழமை ஒரு சுண்டெலியின் தடம் இருந்தது. மின்மீட்டர் வயர் வரும் குழாயின் வாய் திறந்திருக்கிறது, மேஸ்திரி ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அப்பா புதிதாக வந்த புகையிலையை உறையிலிருந்து எடுத்து, உலோக மூடி போட்ட ஊறுகாய் ஜாடிகளில் நிரப்பி, ஆண்டு எழுதி ஒட்டி, அதே இழுப்பறையில் அடுக்கிவிட்டார்.